வயர்லெஸ் ஒன்று, துறைகள் பல: யார் முதலில் பேசுவது?

ஒரு தீயணைப்பு வீரர் புகைக்குள் நின்றுகொண்டு வாக்கி டாக்கியின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்துகிறார். கை கனமான உறைக்குள் இருக்கிறது, அதனால்தான் அந்தப் பொத்தானும் மேலே உள்ள திருகும் அவ்வளவு பெரிதாக இருக்கின்றன. அழுத்தியதும் 'டிட் டிட்' என்று சின்ன சத்தம் வரும், அதைக் கேட்ட பிறகுதான் பேச வேண்டும். அதற்கு ஆவது அரை நொடி அளவுதான், ஆனால் அதற்குள் நிறைய நடந்து முடிந்துவிடுகிறது. அவருடைய கருவி, கட்டுப்பாட்டுக்கென்றே ஒதுக்கிய ஒரு சேனலில் 'நான் இன்ன எண், இன்ன குழுவோடு பேச வேண்டும்' என்று கேட்கிறது. வலையமைப்பின் கணினி காலியாக இருக்கும் ஒரு சேனலைப் பிடித்து, அந்தக் குழுவில் உள்ள எல்லாக் கருவிகளையும் அங்கே அழைக்கிறது, அவை மொத்தமாக அந்த அலைவரிசைக்குத் தாவுகின்றன. பேசி முடித்ததும் சேனல் மறுபடி பொதுவுக்குப் போய்விடும், அடுத்து யார் கேட்டாலும் எடுத்துக்கொள்ளலாம். இதைத்தான் டிரங்கிங் என்கிறார்கள்.

எதற்கு இவ்வளவு சுற்று, ஆளுக்கு நாலு சேனல் பிரித்துக் கொடுத்துவிட்டால் போதாதா? போதாது, கணக்கு அதற்கு எதிராக இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்லாங் என்பவர் 1917-இல் தொலைபேசி நிலையங்களுக்காகப் போட்ட சூத்திரம் இன்றும் இதற்குப் பயன்படுகிறது. 20 சேனல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கு துறைகளுக்குத் தலா 5 என்று பிரித்து, நூறு அழைப்பில் ஒன்றுதான் இடமில்லாமல் திரும்ப வேண்டும் என்று கணக்கிட்டால், ஒவ்வொரு துறையும் சராசரியாக 1.36 சேனல் அளவுக்குத்தான் பேச முடியும், நான்கும் சேர்ந்து ஐந்தரைகூட வராது. அதே 20-ஐயும் பொதுவில் போட்டால் 12 வரை தாங்கும். கோபுரம் அதே, அலைவரிசை அதே, பேசும் அளவு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். ஒரு துறை சும்மா இருக்கும்போது அதன் பங்கு இன்னொரு துறைக்கு உதவுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது. பெரிய விபத்து ஒன்று நடந்தால் எல்லாத் துறைகளும் ஒரே நேரத்தில் பேசும், யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். 20 சேனலும் நிரம்பிவிட்டால் இருபத்தோராவது ஆள் பொத்தானை அழுத்தும்போது 'டிட் டிட்' வராது, கட்டையாக ஒரு மறுப்பு ஒலிதான் வரும், அவர் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை எந்த ஒழுங்கில் நகரும் என்பதைக் கணினி தானாக முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு பேச்சுக் குழுவுக்கும் ஒரு முன்னுரிமை எண்ணை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் மருத்துவமனையோடு பேசும் குழு எந்த எண்ணில் இருக்க வேண்டும்? சாலைப் பராமரிப்பு லாரிகள்? ஆண்டெனா பக்கத்தில் இருக்கும் ஆரஞ்சு நிற அவசரப் பொத்தானை ஒருவர் அழுத்தினால், அவர் வரிசையின் தலைக்கு வந்தால் போதுமா, அல்லது பேசிக்கொண்டிருக்கும் வேறொருவரைப் பாதிப் பேச்சில் துண்டித்துவிட்டு அந்தச் சேனலை அவருக்குக் கொடுக்க வேண்டுமா? இரண்டு வழியையும் கருவிகளில் அமைக்கலாம். எதை அமைப்பது என்பது மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம், அதுவும் அமைதியான ஒரு நாளில், எல்லாத் துறைக்காரர்களும் மேசையைச் சுற்றி இருக்கும்போது. வலையமைப்பின் நிர்வாகம் என்று நான் சொல்வது இந்தப் பேச்சைத்தான்.

வெளியில் தெரியாத இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு குழு பேசும்போது, அந்தக் குழுவைத் தேர்ந்து வைத்திருக்கும் கருவி எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறதோ அந்தக் கோபுரத்திலெல்லாம் ஒரு சேனல் செலவாகும். ஆக, நூறு கிலோமீட்டர் தள்ளி ஒருவர், என்ன நடக்கிறது என்று கேட்கும் ஆவலில், விபத்து நடந்த இடத்தின் குழுவுக்குத் தன் திருகைத் திருப்பினால், அவர் வாயே திறக்காவிட்டாலும் அவருடைய ஊர்க் கோபுரத்தில் ஒரு சேனல் போய்விடும். அப்படிப் பத்துப் பேர் பத்துக் குழுக்களைக் கேட்க ஆரம்பித்தால், விபத்தோடு தொடர்பே இல்லாத அந்த ஊரில் மாரடைப்பு வந்தவரைத் தூக்கிப் போகும் ஆம்புலன்ஸுக்குச் சேனல் கிடைக்காது. கூடுதல் கோபுரம் கட்டி இதைத் தீர்ப்பது கஷ்டம். 'பணியில் இல்லாதவர் அந்தக் குழுவுக்குப் போகக் கூடாது' என்று ஒரு விதி வேண்டும், அதை எல்லாத் துறையும் ஒப்புக்கொள்ள வேண்டும், மீறினால் யார் கேட்பது என்றும் எழுதியிருக்க வேண்டும். பிரசல்ஸில் 2016 மார்ச் 22 குண்டுவெடிப்புகளின்போது பெல்ஜியத்தின் அஸ்ட்ரிட் வலையமைப்பு நெரிசலில் திணறி, காவலர்கள் வாட்ஸ்அப்புக்குப் போக வேண்டி வந்தது. அவசரத்துக்கென்றே கட்டிய வலைக்கே அந்த நிலை வரும்.

விதி சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2001 செப்டம்பர் 11-ஐப் பலரும் சொல்வார்கள். காலை 10:08-க்கு நியூயார்க் காவல்துறை ஹெலிகாப்டர் விமானி ஒருவர், உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரம் இனி நெடுநேரம் நிற்காது என்று வயர்லெஸ்ஸில் சொன்னார். அது காவல்துறை அலைவரிசையில் போனது, தீயணைப்பு அதிகாரிகளின் காதுக்கு வரவில்லை. 10:28-க்குக் கட்டிடம் விழுந்தது. அன்று மொத்தம் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்த ஒரு செய்தி போயிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன், வெளியேறும் உத்தரவு வேறு வழிகளில் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் என் மனதில் நிற்பது இன்னொரு தகவல். 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு, உயரமான மாடிகளிலும் வாக்கி டாக்கி எடுக்கட்டும் என்று அந்த வளாகத்தில் தீயணைப்புத் துறைக்காகவே ஒரு ரிப்பீட்டர், அதாவது சிக்னலை வாங்கி வலுவாக்கி மறுபடி அனுப்பும் கருவி, வைத்திருந்தார்கள். எப்போதும் ஓடினால் பக்கத்துப் பகுதிகளின் பேச்சில் குறுக்கிடும் என்பதால், தேவைப்படும்போது மட்டும் இயக்குவது என்று ஏற்பாடு. அதை இயக்க இரண்டு பொத்தான்கள். அன்று ரிப்பீட்டரின் பொத்தானை அழுத்தியிருந்தார்கள், மேசையில் இருந்த, பேசவும் கேட்கவும் உதவும் முதன்மை ரிசீவருக்கான இரண்டாவது பொத்தானை அழுத்தவில்லை. அதிகாரிகள் அந்த ரிசீவரில் சோதித்துப் பார்த்தார்கள், சத்தம் கேட்கவில்லை, ரிப்பீட்டரே வேலை செய்யவில்லை என்று நினைத்து வடக்குக் கோபுரத்தில் அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டார்கள். யார் இயக்குவது, யார் சரிபார்ப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை பழகிப் பார்ப்பது என்பதெல்லாம் கருவி வாங்குவதற்குச் சமமான வேலை என்று எனக்கு உறுதியாகப் புரிந்தது இதைப் படித்தபோதுதான்.

கருவி ஒன்றாகிவிட்டாலும் பேச்சு ஒன்றாகிவிடாது. பேச்சை வெளியார் கேட்காதபடி பூட்டும் என்க்ரிப்ஷன் சாவி வேறு வேறாக இருந்தால், ஒரே கோபுரத்தின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவர் ஒருவரை ஒருவர் கேட்க முடியாது. எனவே சாவியை யார் உருவாக்குவது, எப்போது மாற்றுவது என்று ஒரு கை இருக்க வேண்டும். அப்புறம் மொழி. அமெரிக்கக் காவல்துறைகளில் '10'-இல் தொடங்கும் எண் குறியீடுகள் வழக்கம், ஒரே எண் ஓர் ஊரில் ஒரு பொருளும் அடுத்த ஊரில் வேறு பொருளும் தரும். பல துறைகள் சேரும் நிகழ்வுகளில் எளிய சொற்களையே பேச வேண்டும் என்று 2006 முதல் மத்திய அரசு வலியுறுத்தியது. தொலைந்துபோன கருவியைத் தூரத்திலிருந்தே முடக்கலாம், ஆனால் அதற்கு 'முடக்கு' என்று சொல்லும் அதிகாரம் நள்ளிரவிலும் ஒருவரிடம் இருக்க வேண்டும்.

சரி, வலை யாருடையது? பிரிட்டனில் ஏர்வேவ் என்ற தனியார் வலையைத்தான் மூன்று அவசர சேவைகளும் நம்பியிருக்கின்றன. அதன் இடத்துக்கு வர வேண்டிய புதிய வலை வருடக்கணக்கில் தள்ளிப்போனதால், வேறு வழி இல்லாத வாடிக்கையாளர்களாகிவிட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 20 கோடி பவுண்டு கூடுதல் லாபம் போகிறது என்று கண்டு, 2023-இல் போட்டி ஆணையம் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. அமெரிக்காவில் 2012 சட்டம், அவசர சேவைகளுக்கென்றே நாடு முழுக்க ஒரு வலை அமைக்க ஃபர்ஸ்ட்நெட் ஆணையத்தை உருவாக்கி, 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் 700 கோடி டாலரையும் கொடுத்தது. 2017-இல் ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். ஆணையத்தின் வாரியத்தில் 15 பேர், அதில் மூவர் பதவி வழியாக வருபவர்கள். சாதாரண வணிக ஒப்பந்தத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதும் பதிவாகியிருக்கிறது: 2018-இல் கலிஃபோர்னியாவின் மெண்டோசினோ காட்டுத்தீயின்போது, தீயணைப்புத் துறையின் தகவல் தொடர்பு வாகனத்துக்கு வெரைசன் நிறுவனம் இணைய வேகத்தைக் குறைத்தது, அவர்கள் எடுத்திருந்த திட்டத்தில் தரவு வரம்பு தாண்டிவிட்டது என்ற காரணத்துக்காக. பிறகு அந்த நிறுவனமே அது தன் பக்கத் தவறு என்று சொன்னது. தீ எரியும் நேரத்தில் தொலைபேசித் திட்டத்தை மாற்றச் சொல்லி வாதாடுவது எந்தத் தீயணைப்பு வீரருக்கும் வரக் கூடாத வேலை.

செலவைப் பிரிப்பதுதான் கூட்டங்களில் அதிக நேரம் எடுக்கும். கருவிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால் எளிது, ஆனால் சிறிய துறைகள் கருவி எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும், இருவருக்கு ஒன்று என்று போகும். ஓட்டும் அப்படித்தான்: துறைக்கு ஒரு ஓட்டு என்றால் பெரிய நகரம் முணுமுணுக்கும், கருவிக்கு ஒரு ஓட்டு என்றால் கிராமத்துத் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் குரல் கேட்கவே கேட்காது. என் எண்ணம், இதில் பெரியவர்கள் விட்டுக்கொடுப்பதுதான் நியாயம், ஏனென்றால் எல்லைப் பகுதியில் முதலில் போய் நிற்பது பெரும்பாலும் அந்தச் சிறிய குழுதான்.

மின்னசோட்டா மாநிலத்தில் இதை முன்னதாகவே ஆரம்பித்தார்கள். 1995-இல் மினியாபொலிஸ் பெருநகரப் பகுதிக்கு வயர்லெஸ் வாரியம் ஒன்றைச் சட்டமன்றம் அமைத்தது. முதுகெலும்பான கோபுரங்களைப் போக்குவரத்துத் துறை பார்த்துக்கொள்கிறது, மாவட்டங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துக்கொள்கின்றன, அங்குள்ள அவசர அழைப்பு எண்ணான 911-க்காகத் தொலைபேசிக் கட்டணத்தோடு வாங்கும் வரியிலிருந்து பணம் வருகிறது, எந்தக் குழுவை யார் எப்போது பயன்படுத்தலாம் என்று வாரியம் எழுதி வைக்கிறது. 2007 ஆகஸ்ட் 1 மாலை ஆறு மணி தாண்டி, வாகனங்கள் நிறைந்திருந்த நேரத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேலிருந்த ஐ-35டபிள்யூ பாலம் இடிந்து விழுந்தது. 13 பேர் இறந்தார்கள், 145 பேர் காயமடைந்தார்கள். செல்போன்களில் நெரிசல். காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் ஆம்புலன்ஸ்காரர்களும் முன்பே ஒதுக்கி வைத்திருந்த பொதுக் குழுக்களுக்குத் தங்கள் திருகைத் திருப்பினார்கள், பொத்தானை அழுத்தினார்கள், பேச முடிந்தது.