தாக்கக் காரணி: யாருடைய தாக்கம்?

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் மருமகள் போன மாதம் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வந்தாள். "மாமா, கொட்டியாரக்குடாக் கண்டல் பற்றி எழுதின கட்டுரைக்கு இந்தப் பெட்டியில என்ன போடுறது?" பெட்டியின் தலைப்பு 'தாக்கக் காரணி'. கட்டுரை வந்த உள்ளூர் ஆய்விதழுக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது. வெறுமையாக விட்டால் புள்ளி பூச்சியம்.

'இம்பாக்ட் ஃபாக்டர்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுதான் இது. அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் வேர் இலத்தீன்: முன்னது மோதுவதைக் குறித்த வினை, பின்னது 'செய்பவர்'. நம் பள்ளிக்கூடங்களில் தாக்கம் என்றதும் இரசாயனத் தாக்கம் நினைவுக்கு வரும் (தமிழ்நாட்டார் வேதிவினை என்பார்கள்). காரணி என்றால் 6 இன் காரணிகள் 1, 2, 3, 6. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஏதோ பெரிய விசை போலக் கேட்கிறது. உள்ளே இருப்பதோ வெறும் சராசரி.

ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவை இந்த ஆண்டு எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணி, அந்த இரண்டு ஆண்டுக் கட்டுரைகளின் தொகையால் வகுக்கிறார்கள். அவ்வளவுதான். எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுக்கும் மேற்கோள் அட்டவணை யோசனையை 1955 இல் முன்வைத்த யூஜின் கார்ஃபீல்டின் கைவண்ணம் இது. அட்டவணையில் எந்த இதழைச் சேர்ப்பது என்று தெரிவதற்கு உதவியது, நூலகங்களுக்கும் பயன்பட்டது. ஆளை எடைபோட அல்ல.

நிலாவெளிக் கரையில் பத்துக் கரைவலை இழுத்து, ஒன்றில் மட்டும் பாரை மீன் அள்ளுகொள்ளையாகப் பட்டால் சராசரி ஏறத்தான் செய்யும். மற்ற ஒன்பது வலைக்காரர் அதைக் கறி வைக்க முடியுமா? 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா' இதழின் ஏ பிரிவுக்கு இதுதான் நடந்தது. 2008 இல் ஏறத்தாழ 2 ஆக இருந்த எண், 2009 இல் 49.9 ஆனது. காரணம், ஷெல்எக்ஸ் என்ற படிகவியல் மென்பொருள் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008 இல் எழுதிய ஒரே கட்டுரை. பக்கத்தில் அச்சான மற்றவர்களுக்கும் அதே 49.9 தான்!

இதழின் எண்ணை வைத்துத் தனி ஆய்வாளரை அளந்து வேலையோ பதவி உயர்வோ நிதியோ தீர்மானிக்கக் கூடாது என்று, ஆய்வு மதிப்பீடு பற்றிய சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2013 இலேயே சொல்லிவிட்டது. படிவங்களுக்கு அது இன்னும் எட்டவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'தாக்கக் காரணி' புழக்கத்தில் ஊன்றிவிட்டது, அகராதியில் இருக்கட்டும். படிவத்துக்கு நான் 'இதழின் மேற்கோள் சராசரி' என்பேன். இதழ் என்ற சொல் முன்னால் நின்றாலே, அது விண்ணப்பதாரியின் சொத்தல்ல என்பது வாசிக்கும்போதே தெரிந்துவிடும்.

மருமகள் பெட்டியில் 'இதழுக்கு இல்லை' என்று எழுதி, கட்டுரையை முழுதாகப் பின்னால் குத்தி அனுப்பினாள்.