தீமிதியில் பாதத்தைக் காப்பது புரதமா?

டர்பன் கேட்டோ மேனர் கோயிலில் ஈஸ்டர் சமயத்தில் தீ மிதித்த வாசகர் கேட்கிறார்: “பாதம் வேகாமல் காப்பவை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?”

இல்லை. சாம்பல் பூத்த கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ஒவ்வோர் அடியும் நொடிநேரம்தான் படுகிறது. அந்தப் புரதங்களைச் செல் புதிதாகச் செய்து குவிக்கவோ பல நிமிடங்கள், சில வேளை மணிக்கணக்கு ஆகும். பக்தர்களின் விரதத்தோடு எனக்குச் சண்டையில்லை, வாட்ஸ்அப் அறிவியலோடுதான்.

அந்தப் புரதங்களின் உண்மையான வேலை காய்ச்சலின்போது தெரியும். லூசின், வேலின் போன்ற நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் புரதத்தின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். சூடேறினால் மடிப்பு குலைந்து அவை வெளியே வரும்; ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அவித்த முட்டையின் கதைதான். அதைத் தடுப்பதே வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் வேலை.

செல்லில் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் உண்டு. வெப்ப அதிர்ச்சிப் புரதங்களில் ஒன்றான ஹெச்.எஸ்.பி. 70 ஒவ்வொன்றையும் தெரிந்துவைத்திருக்கவில்லை. உள்ளே இருக்க வேண்டியது வெளியே தெரிகிறதா என்று மட்டும் பார்க்கிறது. அது தேடுவது நீரை வெறுக்கும் ஐந்து அமினோ அமிலங்கள் அளவிலான துண்டு; இருபுறமும் லைசின் அல்லது ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் இருந்தால் இன்னும் விசேஷம். சராசரியாக 36 அமிலங்களுக்கு ஒருமுறை இப்படியோர் இடம் வந்துவிடுவதால் அநேகமாக எந்தப் புரதமும் அதன் கையில் சிக்கும்.

ஈ.கோலை பாக்டீரியாவின் ஹெச்.எஸ்.பி. 70, ஏழு அமிலத் துண்டொன்றைப் பிடித்திருக்கும் படிக அமைப்பு, அதாவது புரதத்தைப் படிகமாக்கிக் கண்ட வடிவம், 1996இல் வெளியானது. எனக்கு அலுக்காத படம் அது. துண்டு நீட்டி நிமிர்ந்து ஒரு பள்ளத்தில் கிடக்கிறது; நடுவிலுள்ள லூசின் மட்டும் தனக்கென்றே அளவெடுத்த குழிக்குள் இறங்கியிருக்கிறது. மற்ற பிடிப்பில் பெரும்பகுதி, அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலியின் முதுகெலும்போடு ஹைட்ரஜன் பிணைப்புகளாக இருக்கிறது. அந்த முதுகெலும்பு எல்லாப் புரதங்களுக்கும் பொது! யாராயிருந்தாலும் பிடிக்க முடிவது அதனால்தான். இறுக மடிந்த சங்கிலிக்கோ பள்ளத்தில் இடமே இல்லை.

பள்ளத்தின் மேல் ஒரு மூடி. செல்லின் எரிபொருள் மூலக்கூறான ஏடிபி ஒட்டியிருக்கையில் அது திறந்திருக்கும், துண்டுகள் வந்து வந்து போகும். ஹெச்.எஸ்.பி. 70இன் உதவியாளான ஜே புரதம் குலைந்த சங்கிலியைக் கொண்டுவந்து ஒப்படைத்து ஏடிபியை உடைக்கத் தூண்டும், மூடி விழும். உடைந்த மிச்சம் நீங்கிப் புது ஏடிபி வந்ததும் பிடி தளரும், சங்கிலி மறுபடி மடிந்து பார்க்கும்.

கொசுவிலிருந்து மனித ரத்தத்துக்கு வந்து காய்ச்சலையும் தாங்கும் மலேரியா ஒட்டுண்ணிக்கும் இதே புரதத்தால்தான் பிழைப்பு. தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ், வெண்டா பல்கலைக்கழகங்களில் அதன் ஹெச்.எஸ்.பி. 70ஐ ஆராய்ந்திருக்கிறார்கள். நம்முடையதும் அதனுடையதும் பெரிதும் ஒத்தவை. நம்முடையதை விட்டு அதனுடையதை மட்டும் முடக்கும் மருந்தைத் தேட வருடங்கள் பிடிக்கும். அந்நாட்டின் லிம்போபோ மாகாணத்தில் இன்னும் மலேரியா இருக்கும்போது, இந்த வேலைக்குக் குறுகிய கால மானியங்களை மட்டும் கொடுப்பது கஞ்சத்தனம்.