கெச்சப்: மீன்சாற்றில் தொடங்கித் தக்காளியில் நின்ற ஒரு சொல்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ‘மாமாக்’ உணவுக்கடை ஒன்றில், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் அத்தை மகள், பொரித்த கோழிக்குத் தொட்டுக்கொள்ளக் ‘கெச்சப்’ வேண்டும் என்று கேட்டாள். சிறிது நேரத்தில் ஒரு சிறு கிண்ணம் வந்தது. அதில் இருந்தது சிவப்புத் தக்காளி அன்று. கறுப்புச் சோயாச் சாறு. “கிச்சாப்தானே அக்கா கேட்டீங்க?” என்று கடைத் தம்பி வியப்போடு கேட்டார். அவர் தவறு செய்யவில்லை, அவளும் தவறாகக் கேட்கவில்லை. ஒரே சொல்லின் இரண்டு வாரிசுகள் ஒரே மேசையில் சந்தித்தன என்பதே உண்மை. கோயம்புத்தூர்த் தமிழுக்கு அச்சொல் ஆங்கிலத்தின் வழியாக வந்தது. மலேசியத் தமிழுக்கோ அது மலாயின் வழியாக வந்து, கடையிலும் அடுக்களையிலும் சோயாச் சாற்றின் பெயராக நிலைத்துவிட்டது. தக்காளியிலிருந்து செய்வதை இங்குள்ளோர் பெரும்பாலும் ‘தக்காளி சாஸ்’ என்றோ மலாய் ஒலிப்பில் ‘சோஸ்’ என்றோ சொல்கின்றனர். எனவே வீட்டில் தக்காளியைக் காய்ச்சிப் புட்டியில் அடைக்கும் ஒருவர் அதன்மேல் ‘கெச்சப்’ என்று தமிழில் எழுதி ஒட்டினால், இந்த நாட்டில் அது பாதிப் பேருக்கு வேறொரு பொருளைக் குறிக்கும். அந்தச் சிக்கலே இச்சொல்லின் வேரைத் தேட என்னைத் தூண்டியது.

வேர் வெகு தொலைவில் இல்லை. பினாங்குச் சீனர்களுள் பெரும்பாலோரின் வழக்கான ஹொக்கியன் மொழியில், அதாவது தென் ஃபூச்சியன் கரையோரத்துப் பேச்சில், ‘கே-சியாப்’ என்றொரு தொடர் உண்டு. சில வட்டாரங்களில் அது ‘கோயே-சியாப்’ என ஒலிக்கும். முதற்பகுதி உப்பிலிட்டுப் புளிக்கவைத்த மீனையோ சிப்பி, இறால் முதலியவற்றையோ குறிக்கும். ‘சியாப்’ என்பது சாறு. உப்பிட்ட மீன் மாதக்கணக்கில் ஊறிக் கரைந்து கசியும் நீரே கே-சியாப். மலேசியாவின் கிளந்தான் மக்கள் சோற்றோடு உண்ணும் ‘பூடு’ என்ற புளித்த மீன்சாற்றை அறிந்தவர்களுக்கு இந்தப் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்துச் சமயத்தொண்டர் கார்ஸ்டேர்ஸ் டக்ளஸ் 1873இல் வெளியிட்ட ஹொக்கியன் அகராதியிலும் இச்சொல் உப்பிட்ட மீனின் நீர் என்ற பொருளிலேயே இடம்பெற்றுள்ளது.

கோலாலம்பூரில் வேறொரு விளக்கம் வழங்குகிறது. அங்கே சீனரிடையே காந்தோனீயப் பேச்சே ஓங்கியிருப்பதாலும், காந்தோனீயத்தில் தக்காளிச் சாற்றுக்கு ‘கே-ஜாப்’ என்ற பெயர் இருப்பதாலும், கெச்சப் என்பது அதிலிருந்தே வந்தது எனப் பலர் நம்புகின்றனர். அதில் ‘கே’ என்பது கத்தரியைக் குறிக்கும் சொல். தக்காளியை அவர்கள் ‘அயல்நாட்டுக் கத்தரி’ என்பர். ஒலியும் பொருளும் அவ்வளவு அழகாகப் பொருந்துவதால் இந்த விளக்கம் கேட்ட உடனே மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆயினும் காலம் இதற்கு இடங்கொடுக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் இச்சொல் பதிவாகிவிட்டது. கெச்சப்பில் தக்காளி சேர்ந்ததோ அதற்கு நூறாண்டுகளுக்கும் பின்னரே. பொருத்தம் மிகுந்திருப்பதனாலேயே ஒரு சொல்விளக்கத்தை ஏற்றுக்கொள்வது தமிழில் நாம் அடிக்கடி செய்யும் பிழையுமாகும் என்பதால், இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

ஆங்கிலேயர் இச்சொல்லை ஹொக்கியன் வணிகர்களிடமிருந்து நேரே பெற்றனரா, மலாய் வழியாகப் பெற்றனரா என்பதில் அறிஞரிடையே இரு கருத்துகள் உள்ளன. இரண்டு வழியும் தென்கிழக்காசியத் துறைமுகங்களைத் தொட்டே செல்கின்றன. இங்கெல்லாம் வணிகம் செய்த சார்லஸ் லாக்கியர் என்ற ஆங்கிலேயர், சோயாச் சாறு சப்பானிலிருந்து வருகிறது என்றும், சிறந்த கெச்சப் தொங்கினிலிருந்து, அதாவது இன்றைய வடவியட்நாமிலிருந்து, வருகிறது என்றும் 1711இல் எழுதினார். சோயாவும் கெச்சப்பும் அவருக்கு இருவேறு பொருள்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மலாயில் அதே பெயர் பின்னர் சோயாச் சாற்றின்மேல் ஏறிக்கொண்டது. மலேசியாவில் ‘கிச்சாப்’ என்றும் இந்தோனேசியாவில் ‘கெச்சாப்’ என்றும் இன்று எழுதுகின்றனர். பினாங்கு ஹொக்கியர்களோ சோயாச் சாற்றைத் ‘தாவ்யூ’ என்கின்றனர். சொல்லைக் கொடுத்தவர்கள் அப்பொருளுக்கு அதை வழங்கவில்லை, வாங்கியவர்களே வழங்கினர்.

இங்கிலாந்துக்குப் போன கெச்சப்பின் கதை இன்னும் விரிவானது. எலிசா ஸ்மித் 1727இல் அச்சிட்ட சமையற்குறிப்பில் நெத்திலி வகை மீன், சிறுவெங்காயம், காடி (வினிகர்), வெள்ளைத் திராட்சைமது, கிராம்பு, இஞ்சி, சாதிபத்திரி, சாதிக்காய் ஆகியவை சேர்கின்றன. மீன் அப்போதும் இருந்தது. பிறகு அதுவும் நீங்கி, காளானிலும் வால்நட் எனப்படும் அக்ரூட்டின் இளங்காயிலும் கெச்சப் செய்தனர். 1812இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் மீஸ், அக்காலத்தில் ‘காதற்கனி’ எனப்பட்ட தக்காளியைக் கொண்டு செய்யும் முறையை எழுதி வெளியிட்டார். அதில் சாதிபத்திரி இருந்தது, பிராந்தியும் இருந்தது. சர்க்கரையும் காடியும் இல்லை. ஹெயின்ஸ் நிறுவனம் 1876இல் புட்டியில் தக்காளிக் கெச்சப்பை விற்கத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சோடியம் பென்சோயேட் போன்ற பதப்படுத்திகள் உணவில் வேண்டா என்ற எதிர்ப்பு அமெரிக்காவில் வலுத்தபோது, அவை இல்லாமலே கெடாதிருக்கும்படி நன்கு பழுத்த பழத்தையும், முன்னைவிட அதிகமான காடியையும் சர்க்கரையையும் சேர்த்துக் காய்ச்சினர். இன்று புட்டியைக் கவிழ்த்தாலும் எளிதில் இறங்காத அந்தத் திண்மை அக்காலத்தில் வந்ததுதான்.

இந்த வரலாற்றில் தமிழாக்கத்துக்குத் தேவையான ஒரு செய்தி இருக்கிறது. ‘சியாப்’ என்றால் சாறு. மீனிலிருந்து கசிந்த நீருக்கு அது பொருந்திய பெயர். பொருள் மாறிக்கொண்டே வந்து, இறுதியில் சாறாக இருப்பதையே விட்டுவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. ஆகவே கெச்சப்பைச் ‘சாறு’ என்று மொழிபெயர்ப்பது வேருக்கு உண்மையாக இருக்கும். கண்முன் உள்ள பொருளுக்கு உண்மையாக இராது.

இப்போது வழங்கும் தமிழ்ப்பெயர்களைப் பார்க்கலாம். ‘தக்காளிச் சாறு’ என்றால் குடிக்கும் சாறும் இரசமும் நினைவுக்கு வரும். ‘தக்காளிச் சுவைச்சாறு’ என்று சிலர் எழுதுகின்றனர்; உண்பவை யாவும் சுவைக்காகவே என்னும்போது ‘சுவை’ என்ற அடை எதையும் வேறுபடுத்திக் காட்டவில்லை, ‘சாறு’ பற்றிய தடையும் அப்படியே நிற்கிறது. ‘தக்காளிக் கூழ்’ என்பது காய்ச்சுவதற்கு முந்தைய நிலைக்கு வேண்டிய சொல். அதை இறுதிப் பொருளுக்குக் கொடுத்துவிட்டால் சமையற்குறிப்பு எழுதுபவர் தவித்துப்போவார். ‘தொக்கு’ நல்ல சொல்தான், ஆனால் தொக்கில் எண்ணெயும் கடுகும் தாளிப்பும் உண்டு, தோலும் விதையும் அரிக்கப்படாமல் இருக்கும். தொக்கைத் தொக்காகவே விட்டுவைப்பது அதற்கு நாம் செய்யும் மரியாதை.

பொருளைச் செய்து பார்த்தால் பெயர் தானாகக் கிடைக்கும் என்பது என் அனுபவம். கேமரன் மலையிலிருந்து கோலாலம்பூர் சௌக்கிட் பாசாருக்கு வரும் தக்காளியில், கையில் அழுத்தினால் சற்றே இளகும் அளவுக்குச் சிவந்து பழுத்ததாக ஒரு கிலோ வாங்கி, நான்காக வெட்டி, ஒரு நடுத்தர வெங்காயம், நான்கு பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி சேர்த்துத் தண்ணீர் விடாமல் மூடி வேகவைக்க வேண்டும். பழத்தின் நீரே போதும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் குழைந்துவிடும். ஆறியபின் அரைத்து, கண்ணறைச் சல்லடையில் கரண்டியால் தேய்த்து அரித்தால் தோலும் விதையும் மேலே நிற்கும், கூழ் கீழே இறங்கும். அதை மறுபடி அடுப்பிலேற்றி, நான்கு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, பத்து மிளகு ஆகியவற்றைத் துணியில் முடிந்து உள்ளே போட்டு, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பும், எழுபத்தைந்து கிராம் சர்க்கரையும், அறுபது மில்லிலிட்டர் காடியும் சேர்த்து, மெல்லிய தீயில் நாற்பது ஐம்பது நிமிடம் கிளற வேண்டும். எலிசா ஸ்மித்தின் கிராம்பு இன்றும் இதில் இருக்கிறது. பினாங்கின் பாலிக் பூலாவில் கிராம்பும் சாதிக்காயும் விளைவதால், அவற்றை இதில் இடும்போது அயற்பொருளைச் சேர்ப்பதாக எனக்குத் தோன்றுவதில்லை.

காடி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வரி. வினிகர் என்றே இன்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் புளித்த நீர்மத்துக்குத் தமிழில் காடி என்ற பழஞ்சொல் உண்டு, அது சுருக்கமாகவும் இருக்கிறது. அது இந்தக் கலவையில் சுவைக்காக மட்டும் இல்லை. பழத்தின் புளிப்பு வகைக்கு வகை வேறுபடும். காடிதான் அதை உறுதிப்படுத்திக் கிருமிகள் வளராமல் காக்கிறது. எனவே அதன் அளவைக் குறைக்கக் கூடாது. காரம் வேண்டுவோர் இரண்டு காய்ந்த மிளகாயை மசாலா முடிச்சில் வைக்கலாம்.

எப்போது இறக்குவது? குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும். துளியைச் சுற்றி நீர்வளையம் பிரிந்தால் இன்னும் காய வேண்டும். பிரியாமல் நின்றால் இறக்கலாம். ஒரு கிலோ பழம் ஏறக்குறைய முந்நூறு மில்லிலிட்டராகச் சுண்டியிருக்கும். வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று வாரம் தாங்கும்.

இந்தத் துளிச் சோதனையைத் தமிழ் அடுக்களை நன்றாக அறியும். அதற்குப் ‘பதம் பார்த்தல்’ என்று பெயர். கம்பிப்பதம், உருட்டுப்பதம் என்று பதங்களுக்கும் பெயருண்டு. சர்க்கரை சேர்ந்து, நீர் சுண்டி, பதத்துக்கு வந்ததைப் ‘பாகு’ என்கிறோம். சித்த மருத்துவத்தில் பழச்சாற்றைச் சர்க்கரையோடு காய்ச்சி எடுப்பது மணப்பாகு. மாதுளை மணப்பாகு பலரும் அறிந்தது. இனிப்பு மட்டுமே பாகு எனக் கருதுவோர் இதை மறுக்கலாம். ஆனால் மாதுளை மணப்பாகும் புளிப்பு விட்டுப்போகாதது; செய்முறையே பெயருக்கு அடிப்படை. ஆகவே பொருளின் நிலைக்குப் ‘பாகு’ என்பதே பொருந்தும் என்பது என் முடிவு.

அது மட்டும் போதாது. மீனாக இருந்தபோதும், சோயாவாக மாறியபோதும், காளானாகவும் தக்காளியாகவும் ஆனபோதும் இந்தப் பொருளில் மாறாதிருந்தது ஒன்று உண்டு: அது தனியே உண்ணப்படுவதில்லை, வேறொன்றுக்குத் தொட்டுக்கொள்ளப்படுவது. தமிழில் துணைக்கறிக்குத் ‘தொடுகறி’ என்ற அழகான பழைய சொல் இருக்கிறது. அதன் அச்சிலேயே ‘தொடுபாகு’ என்று அமைத்துக்கொள்ளலாம். ‘தக்காளித் தொடுபாகு’ என்றால் எதிலிருந்து வந்தது, எந்த நிலையில் உள்ளது, எதற்குப் பயன்படுகிறது என்ற மூன்றும் தெரிந்துவிடுகின்றன. மிளகாயில் செய்தால் மிளகாய்த் தொடுபாகு, மாங்காயில் செய்தால் மாங்காய்த் தொடுபாகு எனச் சொல் விரிந்துகொடுக்கும்.

தக்காளி என்பதே இப்படி இடம்பெயர்ந்த சொல் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மணத்தக்காளி போன்ற நம் நாட்டுச் சிறுபழங்களின் பெயரே, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பெரிய பழத்துக்கு முதலில் ‘சீமைத்தக்காளி’ என்ற அடையோடு சூட்டப்பட்டது. பின்னர் ‘சீமை’ உதிர்ந்துவிட்டது. காந்தோனீயர் கத்தரிக்கு ‘அயல்நாட்டு’ என்ற அடை கொடுத்த அதே முறைதான். உள்ளூர்ச் சொல்லை நீட்டிப் புதுப்பொருளைத் தழுவிக்கொள்ளும் இந்த வழக்கம் நம் முன்னோருக்கு இயல்பாகவே இருந்தது. தொடுபாகு அவ்வழியில் வருவது.

‘கிச்சாப்’ என்பதை மலேசியத் தமிழிலிருந்து நீக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது இங்கே சோயாச் சாற்றுக்கு உரிய பெயராக வேரூன்றிவிட்டது, கிச்சாப் கோழி என்று நம் வீடுகளில் சமைக்கிறோம். அதை அதன் இடத்தில் இருக்கவிட்டு, தக்காளிப் பொருளுக்கு வேறு பெயர் கொடுப்பதே குழப்பத்தைத் தீர்க்கும்.

எழுதும்போது ஒற்றெழுத்தைக் கவனிக்க வேண்டும். ‘தக்காளித் தொடுபாகு’ என்பதில் தக்காளியை அடுத்துத் தகர ஒற்று மிகும். ‘தொடுபாகு’ என்பது தொடுகறியைப் போல வினைத்தொகையாதலால் இடையில் பகர ஒற்று மிகாது. ‘தொடுப்பாகு’ என்று எழுதினால் தொடுத்தல் என்ற வேறு வினையின் சாயல் ஏறிவிடும்.