ஆலியாஸ் இல்லையென்று மாஸ்டர் கேட்டலாக்கைத் திறந்துவிடாதீர்கள்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களிலிருந்து கோலாலம்பூர், சைபர்ஜெயா பக்கம் மெயின்ஃபிரேம் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறோம்.

தோட்டத்து ஆபீஸ் செக்ரோல் (வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு) பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தன் பெயர் அதில் இருக்கிறதா என்று யாரும் விசாரிக்கலாம். எழுதுவது கிராணி (ஆபீஸ் எழுத்தர்) மட்டுமே. ஒரு வரி விட்டுப்போனால், அந்த ஆள் விடியற்காலையிலேயே காட்டில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தாலும் கணக்கில் இல்லை. மெயின்ஃபிரேமை இயக்கும் இசட்/ஓஎஸ் அமைப்பின் மாஸ்டர் கேட்டலாக்கும், அதாவது எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் முதன்மைப் பட்டியலும், அப்படித்தான். டேட்டாசெட் (மெயின்ஃபிரேம் கோப்பு) வட்டில் பத்திரமாக இருக்கும். கேட்டலாக்கில் அதன் வரி அழிந்தால் ஜாப் அதைக் கண்டுபிடிக்காது. சிஸ்1 என்று தொடங்கும் சிஸ்டம் டேட்டாசெட்டுகளின் வரிகளும், பயனர் டேட்டாசெட்டுகளின் வரிகள் இருக்கும் யூசர் கேட்டலாக்குகளுக்கு வழிகாட்டும் ஆலியாஸ்களும் (முதற்பெயரை உரிய கேட்டலாக்கோடு இணைக்கும் வரிகள்) அங்கேதான் இருக்கின்றன.

தவறு பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பிக்கிறது. புதிய திட்டத்துக்கு பேரோல்2 என்ற முதற்பெயரில் டேட்டாசெட் உருவாக்குகிறார்கள். அதற்கு யாரும் ஆலியாஸ் போடவில்லை. ஆலியாஸ் இல்லாத பெயரைச் சிஸ்டம் நேராக மாஸ்டரில் பதியப் பார்க்கும். திரையில் பாதுகாப்பு மென்பொருளான ராக்ஃபின் ஐசிஎச்408ஐ மறுப்புச் செய்தி வரும்: கேட்டது அப்டேட் (மாற்றி எழுதும் அனுமதி), உள்ளது ரீட் (படிக்கும் அனுமதி). இரவு 2 மணி, பேட்ச் நிற்கிறது; பணியில் இருப்பவர் அப்டேட் கொடுத்துவிடுகிறார். ஜாப் ஓடுகிறது. அந்த அனுமதியைத் திரும்ப எடுக்க மறந்துவிடுகிறார்கள், பயனர் டேட்டாசெட்டுகளும் மாஸ்டரிலேயே தங்கிவிடுகின்றன.

அந்தச் செய்தி கேட்பது அனுமதியை அல்ல, ஆலியாஸை. டிஃபைன் ஆலியாஸ் கட்டளையில் பேரோல்2 என்ற பெயரை உரிய யூசர் கேட்டலாக்கோடு ரிலேட் செய்யுங்கள். இந்த வேலைக்காக ஸ்டோரேஜ் குழுவுக்கு மாஸ்டரில் அப்டேட் தர வேண்டியதில்லை. ராக்ஃபின் ஃபெசிலிட்டி வகுப்பில் எஸ்டிஜிஅட்மின்.ஐஜிஜி.டெஃப்டெல்.யுஆலியாஸ் என்ற புரொஃபைலில் (அனுமதி விதியில்) ரீட் கொடுத்தால் போதும். ஆனால் அந்தப் பெயரில் மாஸ்டரில் ஏற்கெனவே பதிவுகள் இருந்தால், அவற்றை யூசர் கேட்டலாக்குக்கு மாற்றுவதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஆலியாஸ் வந்தபின் தேடல் யூசர் கேட்டலாக்குக்குப் போய்விடும். பழைய வரிகள் கண்ணில் படாது.

மாஸ்டரில் எல்லாருக்கும் ரீட் இருக்கலாம். அப்டேட்டும் ஆல்டரும் (அழிக்கவும் முடிகிற முழு அனுமதி) சிஸ்டம் புரோகிராமர்கள் சிலருக்கு மட்டும். யூசர் கேட்டலாக்கில் தேவைப்படுவோருக்கு அப்டேட் தரலாம், ஆல்டர் கூடாது. கேட்டலாக் மேல் ஆல்டர் உள்ளவர், டேட்டாசெட்டில் தமக்கு எந்த அனுமதியும் இல்லாவிட்டாலும் அதை அழிக்க முடியும். பலர் இதை நம்புவதில்லை. 'கேட்டலாக் தானே' என்று கேட்பவருக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

மாஸ்டரின் புரொஃபைல் மேல் லிஸ்ட்டிஎஸ்டி கட்டளையை ஆல் என்ற சொல்லோடு ஓட்டி யுஏசிசி (பட்டியலில் இல்லாதவருக்குக் கிடைக்கும் அனுமதி) என்ன, அனுமதிப் பட்டியலில் நட்சத்திரக் குறி (ராக்ஃபில் பதிந்த எல்லாரும்) இருக்கிறதா, வார்னிங் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வார்னிங் இருந்தால் மறுக்க வேண்டியதையும் ராக்ஃப் அனுமதித்துவிட்டு எச்சரிக்கை மட்டும் எழுதும். பட்டியல் சுத்தமாக இருந்தாலும் இரண்டு கதவுகள் மிச்சம். ஒன்று, பயனருக்கு ராக்ஃபில் தரப்படும் ஆப்பரேஷன்ஸ் தகுதி: அது உள்ளவரின் பெயரோ குழுவோ பட்டியலில் குறைந்த அளவோடு இல்லையென்றால் உள்ளே போய்விடுவார். மற்றொன்று, புரொஃபைலைப் பார்க்கும் முன்பே அனுமதித்துவிடும் குளோபல் அட்டவணை. அந்த வழியாகப் போனவருக்கு எஸ்எம்எஃப் (சிஸ்டம் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் வசதி) பதிவே விழாது, பிறகு ஆடிட்டர் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப இடர் மேலாண்மைக் கொள்கை 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருப்பதால், வங்கியில் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட முடியாது.

புரொஃபைலில் வெற்றி பெற்ற அப்டேட்டையும் தோற்ற ரீட்டையும் ஆடிட்டில் வையுங்கள். எஸ்எம்எஃப் பதிவுகளில் 80ஆம் வகை யார் தொட்டார் என்று சொல்லும். 61, 65, 66 ஆகியவை கேட்டலாக்கில் சேர்த்தது, அழித்தது, மாற்றியது என்று சொல்லும். ஜெனரிக் புரொஃபைலை (பல பெயர்களுக்குப் பொதுவான விதியை) மாற்றியதும் செட்ராப்ட்ஸ் கட்டளையில் ரிஃப்ரெஷ் கொடுக்க வேண்டும். இல்லையேல் பழைய விதியே ஓடிக்கொண்டிருக்கும்.

மாஸ்டரின் பேக்கப்பை, கேட்டலாக் நிர்வாக நிரலான ஐடிகேம்ஸின் எக்ஸ்போர்ட் கட்டளையில் டெம்பரரி என்று போட்டு எடுங்கள். அந்தக் கோப்புக்கும் மாஸ்டருக்கு உள்ள அதே பூட்டு வேண்டும். மாற்று மாஸ்டர் கேட்டலாக் ஒன்றைத் தயாரித்து, அதன் பெயரைச் சிஸ்கேட் வரியில் குறிப்பிடும் தனி லோட் மெம்பரை (தொடக்க அமைப்புகள் உள்ள கோப்பை) வைத்து, டெஸ்ட் எல்பாரில் (மெயின்ஃபிரேமின் சோதனைப் பிரிவில்) ஐபிஎல், அதாவது சிஸ்டம் தொடக்கம், செய்து பாருங்கள்.