திடலில் கம்பி அடிப்பது எதற்கு?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தோட்டத்துப் பழைய குப்பைமேட்டை ஒட்டிய திடலில் சிலர் வரிசையாக இரும்புக் கம்பி அடித்து ஒயர் மாட்டுகிறார்கள். ஜப்பான்காரன் புதைத்த தங்கத்தைத் தேடுகிறார்கள் என்று லயத்தில் பேச்சு. உண்மையா?"

குப்பைமேட்டுப் பக்கம், சம தூரத்தில் கம்பி என்றால் அது மண்ணின் மின்தடையை அளக்கும் வேலை. தேடுவது குப்பைச் சாற்றை. மழைநீர் குப்பையில் ஊறி உப்பையும் அமோனியாவையும் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். உப்புக் கரைந்த நீரில் மின்சாரம் சுலபமாக ஓடும் என்பது பள்ளியில் படித்ததுதான். சாறு ஊறிய மண்ணின் மின்தடை 10 ஓம்-மீட்டருக்கும் கீழே போகலாம்.

சரி, இரண்டு கம்பி போதாதா? போதாது. காய்ந்த செம்மண்ணில் கம்பி மண்ணைத் தொடும் இடத்திலேயே பெரிய தடை இருக்கும். இரண்டே கம்பியில் அளந்தால் அந்தத் தடைதான் கருவியில் தெரியும், ஆழத்து மண் தெரியாது. இதற்கு அமெரிக்காவின் பிராங்க் வென்னர் 1915-இல் நான்கு கம்பி முறையை விளக்கினார். வெளிக் கம்பிகள் இரண்டும் மின்சாரத்தைச் செலுத்தும். உள்ளே இருக்கும் இரண்டும் மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும். அவற்றின் வழியே மின்சாரம் ஏறக்குறைய ஓடுவதே இல்லை, அதனால் அவை மண்ணை அரைகுறையாகத் தொட்டாலும் கணக்கு கெடாது. தைப்பூசத்தன்று கோயில் வாசலில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும், உள்ளே இரண்டு பேரை நிறுத்தி வைத்தால் உள்ளே கூட்டம் எப்படி நகர்கிறது என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா, அப்படித்தான். எனக்கு இதை எத்தனை முறை நினைத்தாலும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

கம்பிகளின் இடைவெளியைக் கூட்டினால் மின்சாரம் இன்னும் ஆழமாக இறங்கும். பார்க்கும் ஆழம் இடைவெளியில் ஏறக்குறைய பாதி. 5 மீட்டருக்கு ஒன்றாக 41 கம்பி நட்டு, அவற்றில் நான்கு நான்காக, பக்கத்தில் உள்ளவற்றையும் தள்ளி உள்ளவற்றையும் மாற்றி மாற்றி எடுத்து அளந்தால், 200 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 30 மீட்டர் ஆழம்வரை, ஒரு குழிகூடத் தோண்டாமல் படம் கிடைத்துவிடும்.

கிணறு வெட்ட உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவருக்கு இன்றும் பணம் கொடுக்கிறோம். தேங்காய்க்கு நிலத்தடி நீரும் தெரியாது, அதில் கலந்த நஞ்சும் தெரியாது. அந்தப் பணம் இந்தக் கம்பிகளுக்குப் போகவேண்டும். குப்பைமேட்டருகே வீடு கட்ட அனுமதி தருமுன் இந்த அளவீட்டை அரசே செலவு செய்து நடத்தவேண்டும் என்பது என் கருத்து.

ஒரு சிக்கல் உண்டு. ஈரக் களிமண்ணின் மின்தடையும் குறைவுதான், படத்தில் அதுவும் சாறு போலவே தெரியும். அதனால் சந்தேகமான இடத்தில் துளையிட்டு நீர் எடுத்துச் சோதிப்பார்கள். அப்புறம் அடுத்த ஆண்டு அதே பருவத்தில், அதே கோட்டில் மறுபடி கம்பி நடுவார்கள். களிமண் இருந்த இடத்திலேயே இருக்கும். சாறு என்றால் நிலத்தடி நீர் ஓடும் பக்கம் நகர்ந்திருக்கலாம்.