ஒரு வீட்டுக்கு வந்தால் ஊருக்கே வந்த கணக்கு

அமெரிக்காவில் அதிவேக இணையம் எங்கே கிடைக்கிறது, எங்கே கிடைக்கவில்லை என்று சொல்லும் அரசு வரைபடம், பல ஆண்டுகள் ஒரு விசித்திரமான கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக நாட்டைச் சின்னச் சின்னத் தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு தொகுதியில் ஏதாவது ஒரு வீட்டுக்கு இணைப்புத் தர முடியும் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தால் போதும், தொகுதி முழுவதற்கும் இணையம் வந்துவிட்டதாக மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் பதிந்துகொள்ளும். நகரத்தில் இதனால் பெரிய பிழை வராது, அங்கே தொகுதி என்பது நான்கு தெருக்களுக்கு நடுவே உள்ள இடம்தான். கிராமப்புறத்திலோ அதே தொகுதி பல சதுர மைல் விரிந்து கிடக்கும். நெடுஞ்சாலை ஓரத்து வீட்டுக்குக் கேபிள் வந்திருந்தால், காட்டுப்பாதையில் நான்கு மைல் உள்ளே குடியிருப்பவருக்கும் வந்ததாகக் கணக்கு. இணையம் இல்லாதவர் பட்டியலில் அவர் சேராததால், அதற்கான மானியமும் அவர் பக்கம் திரும்பாது.

இந்தக் கணக்கை முதலில் உடைத்துப் பார்த்த மாநிலங்களில் ஒன்று ஜார்ஜியா. 2018இல் சட்டம் இயற்றி, 2020இல் வீடு வீடாக, கடை கடையாக இடங்களைக் குறித்துத் தன் சொந்த வரைபடத்தை வெளியிட்டது. ஒரு தொகுதியில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட இடங்களுக்கு இணைப்புக் கிடைத்தால்தான் அது சேவை உள்ள தொகுதி என்பது மாநிலத்தின் அளவுகோல். அப்படிப் பார்த்தபோது இணைப்பு இல்லாத வீடுகளும் வணிக இடங்களும் 5 லட்சத்தைத் தாண்டின. மத்திய அரசின் ஏட்டில் இருந்ததைவிட இது மிக அதிகம்.

2020 மார்ச்சில் நாடாளுமன்றமும் இதற்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஆணையம் தயாரித்த புதிய தேசிய வரைபடம் 2022 நவம்பர் 18 அன்று வெளியானது. தொகுதிக் கணக்கு போய், ஒவ்வொரு கட்டடமும் ஒரு புள்ளி ஆனது. ஆண்டுக்கு இருமுறை நிறுவனங்கள் தகவல் தர வேண்டும். ஆனால் புள்ளிக்கு நிறம் தருவது இன்னமும் நிறுவனத்தின் வாக்குமூலம்தான். அதனால்தான் மறுப்புத் தெரிவிக்கும் உரிமையைச் சட்டம் பொதுமக்களுக்கும் தந்திருக்கிறது. என் பார்வையில் இந்தத் திட்டத்தின் உயிரே அதுதான்.

மறுப்பு ஏன் முக்கியம் என்பதைப் பணக்கணக்கு சொல்லும். 2021 உள்கட்டமைப்புச் சட்டம் இணைய விரிவாக்கத்துக்கு ஒதுக்கியது 4,245 கோடி டாலர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறைந்தது 10 கோடி டாலர். மிச்சம் பெரும்பாலும் வரைபடத்தில் சேவை இல்லாத இடங்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பிரிக்கப்பட்டது. 2023 ஜூனில் பங்கு அறிவிக்கப்பட்டபோது டெக்சாஸுக்கு 330 கோடி, ஜார்ஜியாவுக்கு 130 கோடி. இது தெரிந்துதான் நியூயார்க் மாநிலம் 2022லேயே, வரைபடத்தில் விடுபட்டவை என்று 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகவரிகளை மொத்தமாக ஆணையத்திடம் கொடுத்தது.

தனி வீட்டுக்காரர் செய்ய வேண்டியது எளிது. ஆணையத்தின் தேசிய வரைபடத் தளத்தில் முகவரியைத் தட்டச்சு செய்தால் உங்கள் வீட்டுப் புள்ளியும், அங்கே சேவை தருவதாகச் சொல்லும் நிறுவனங்களின் பெயர்களும் வரும். புள்ளியே இல்லையென்றால் இடத்தைச் சேர்க்கச் சொல்லி ஒரு மனு. புள்ளி இருந்து, பட்டியலில் உள்ள நிறுவனம் உண்மையில் இணைப்புத் தரவில்லை என்றால் சேவை குறித்த மறுப்பு. கேட்டும் தர மறுத்தார்கள், 10 வேலை நாட்களுக்குள் வந்து பொருத்த நாள் தரவில்லை, வழக்கமான கட்டணத்துக்கு மேல் கேட்டார்கள் என்பவை ஏற்கப்படும் காரணங்கள். நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலையோ இணையதளத்தில் வந்த பதிலின் படத்தையோ சான்றாக இணைக்க வேண்டும். தொலைபேசியில் பேசி முடித்துவிடாமல் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது இங்கேதான் கைகொடுக்கும்.

நிறுவனம் 60 நாட்களுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லது எதிர்த்துப் பதில் தர வேண்டும். எதிர்த்தால், உங்களுடன் பேசித் தீர்க்க இன்னும் 60 நாட்கள். அதிலும் தீராவிட்டால் ஆணையம் முடிவு செய்யும். சேவை உண்டு என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இணைப்பு இருக்கிறது, ஆனால் மாலையில் ஊர்ந்து போகிறது என்பது வீட்டு இணைப்புக்கான மறுப்பில் எடுபடாது. வேகச் சோதனை முடிவுகளை இந்த வரைபடம் கைப்பேசிச் சேவைக்கு மட்டுமே ஏற்கிறது. வீட்டு இணைப்பின் வேகக் குறையை ஆணையத்தின் நுகர்வோர் புகார்ப் பிரிவுக்குத் தனியே எழுத வேண்டும்.

2023 பங்கீட்டுக்காக மறுப்புகளை அனுப்பக் கேட்டுக்கொண்ட கடைசி நாள் அந்த ஆண்டு ஜனவரி 13. அந்த நாள் கடந்ததோடு கதவு மூடிவிடவில்லை. வரைபடம் தொடர்ந்து திருத்தப்படுவதால் மறுப்பை எப்போது வேண்டுமானாலும் பதியலாம்.