லோக்கல் கேபிள் சேனல் மேல புகாரா? போன் பண்ணி திட்டாதீங்க, எழுதிக் குடுங்க

எங்க சித்தப்பாவுக்கு சுகர். வீடு பாபநாசம் பக்கம். ஆடி மாசம் மாரியம்மன் கோயில் திருவிழாவ லோக்கல் கேபிள் சேனல்ல லைவா போட்டாங்க, கரகம் வந்துட்டிருக்கு, கீழ ஸ்க்ரோலிங் ஓடுது, இந்தப் பொடிய சாப்பிட்டா ஒரு மண்டலத்துல சுகர் அடியோட போயிடும், மாத்திரையே வேணாம்னு. அப்புறம் அதே சேனல்ல வெள்ளை கோட்டு போட்ட ஒருத்தர் அரை மணி நேரம் உக்காந்து நேயர்கள் போன்ல கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்றாரு. சித்தப்பா பொடிய வாங்கிட்டாரு, மாத்திரைய நிறுத்திட்டாரு. தீபாவளிக்குள்ள கால்ல புண்ணு, ஆஸ்பத்திரி.

சித்தி சேனலுக்கு போன் போட்டு அழுதாங்க. அந்த ஞாயித்துக்கிழமை நேயர் கடிதம் நிகழ்ச்சில அத நடத்துற பொண்ணு சிரிச்சுக்கிட்டே வாசிக்குது, "உங்கள் கருத்துக்கு நன்றி, அது விளம்பரதாரர் நேரம், எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை". சித்தியும் சரின்னு விட்டுட்டாங்க. முதல் கோளாறே இதான். டிவில பதில் சொல்லிட்டா புகார் முடிஞ்சதா அர்த்தம் இல்ல, இன்னும் சொல்லப்போனா புகாரே குடுக்கல நீங்க. போன், வாட்ஸ்அப் வாய்ஸ், கேபிள் பையன்கிட்ட வசூலுக்கு வரும்போது சொன்னது எதுவும் கணக்குல வராது.

சம்பந்தம் இல்லன்னு சொன்னதும் பொய். 1995 கேபிள் டிவி சட்டத்துல 5ஆவது பிரிவு நிகழ்ச்சிக்கு, 6ஆவது பிரிவு விளம்பரத்துக்கு. விதிக்கு ஒத்து வராத விளம்பரத்த கேபிள்ல யாருமே ஓட்டக்கூடாது, காசு குடுத்தது எவனா இருந்தாலும். நிரூபிக்க முடியாத அதிசய குணம் இருக்குன்னு ஒரு பொருள காட்டக்கூடாதுன்னு விளம்பர விதியிலயே இருக்கு. சர்க்கரை வியாதிய குணப்படுத்துவோம்னு விளம்பரம் பண்றது 1954ல வந்த தனி சட்டப்படி குத்தம். சட்டம் இவ்ளோ தெரிஞ்சா போதும், மிச்சமெல்லாம் எந்த ஆபீஸ் கதவ தட்டுறதுங்கறதுதான்.

இங்கதான் நிறைய பேரு மாட்டுறாங்க. யூடியூப்ல பாத்துட்டு வந்து "24 மணி நேரத்துல ஒப்புகை, 15 நாள்ல பதில், இல்லன்னா மேல அப்பீல்"னு சொல்லுவாங்க. அது உண்மைதான், 2021 திருத்தத்துல வந்தது, ஆனா அது சாட்டிலைட் சேனலுக்கு. நம்ம ஊர் கேபிள்காரரு நடத்துற சேனலுக்கு அந்த வழி கிடையாது, அது கலெக்டர்கிட்டதான் போகணும். கலெக்டர், ஆர்டிஓ (வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர்) இவங்கதான் சட்டப்படி அதிகாரம் உள்ள அலுவலர், மாவட்டத்துல இதுக்குன்னே கண்காணிப்புக் குழுவும் உண்டு. எந்த வகைன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? லோக்கல் சேனல்ல 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்'னு ஸ்க்ரீன்ல போடணும்னு 2022 நவம்பர்லேர்ந்து விதி. போடாதவங்களும் இருக்காங்க. கும்பகோணத்து நகைக்கடை விளம்பரமும் கண்ணீர் அஞ்சலியும் காதுகுத்து வாழ்த்தும் மாத்தி மாத்தி ஓடுதுன்னா லோக்கல்தான், யோசிக்கவே வேணாம். டிராய்க்கு, அதாவது டெல்லி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, மெயில் போடுற ஆளுங்களுக்கும் சொல்லிடுறேன், அவங்க தனி ஆளோட புகார விசாரிக்கிறது இல்ல, நிகழ்ச்சி விஷயம் அவங்க வேலையும் இல்ல.

திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல நாங்க மனு குடுத்தோம். மேல 'கேபிள் டிவி சம்பந்தமாக'ன்னு எழுதியிருந்தேன், அது என் தப்பு. அந்த ஒரு வார்த்தைய பாத்துட்டு மனு நேரா அரசு கேபிள் தனி தாசில்தாருக்கு போயிடுச்சு, அங்கேர்ந்து "இது தனியார் சேனல், எங்கள் வரம்பில் இல்லை"ன்னு ஒரு வரி எழுதி மனுவ முடிச்சுட்டாங்க. முடிச்சுட்டாங்க, அவ்ளோதான்! ஸ்டேஷன்ல கேட்டா கலெக்டர் ஆபீஸ் போங்கறாங்க, கலெக்டர் ஆபீஸ்ல கேட்டா ஸ்டேஷனுக்கு போங்கறாங்க, நடவு வேலைய விட்டுட்டு சித்தி நாலு தடவ பஸ் ஏறுனாங்க.

அதனால மனுவோட முதல் வரியிலயே எழுதுங்க: "இது அரசு கேபிள் சந்தா, செட்டாப் பாக்ஸ் சம்பந்தமான மனு அல்ல. 1995 சட்டம் 6ஆவது பிரிவு, விளம்பர விதி மீறல்". பெறுநர்ல 'மாவட்ட ஆட்சியர் மற்றும் அதிகாரம் பெற்ற அலுவலர்'னு போடுங்க. தேதி, மணி, சேனல் பேரு, நம்பர், ஸ்க்ரோலிங்ல வந்த வார்த்தை அப்படியே. மருந்து விஷயம்னா மருந்து ஆய்வாளர் ஆபீஸுக்கு ஒரு காப்பி. மனு நம்பர் போட்ட ரசீது வாங்காம நகராதீங்க. கேபிள் பில்லு ஜாஸ்தி, சன் டிவி தெரியல இதையெல்லாம் அதே மனுவுல சேத்தீங்கன்னா அத மட்டும் புடிச்சுக்கிட்டு பதில் எழுதிடுவாங்க. கனெக்‌ஷன் உங்க பேர்ல இல்லையேன்னு கேட்டா பயப்படாதீங்க, பில் தகராறுக்குத்தான் அது வேணும், ஓடுன நிகழ்ச்சி மேல புகார் குடுக்க பாத்தவங்களே போதும்.

நாள்கணக்கு ரொம்ப முக்கியம். சேனல்காரங்க ஓட்டுன நிகழ்ச்சியோட பதிவ 90 நாள் வச்சிருக்கணும், அவ்ளோதான் கட்டாயம். நாங்க ஆடியில ஓடுனத ஐப்பசியில கேட்டோம், "சார் அழிஞ்சு போச்சு"ன்னு கூலா சொன்னாங்க. ஒண்ணும் பண்ண முடியல. அதனால டிவில ஓடும்போதே செல்போன்ல வீடியோ எடுங்க, சுவத்து கடிகாரமோ காலண்டரோ பக்கத்துல தெரியுற மாதிரி. மனுவுலயே 'அந்த நாள் பதிவை அழிக்காமல் வைக்க உத்தரவிட வேண்டும்'னு ஒரு வரி சேருங்க. ஒரு மாசமா சத்தமே இல்லன்னா 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைல "என் மனு யார் மேசையில இருக்கு"ன்னு கேளுங்க, 30 நாள்ல சொல்லியாகணும். அது போனதுக்கு அப்புறம்தான் எங்க ஃபைல் அசைஞ்சுது.

சேனல்காரன தூக்கி உள்ள வைப்பாங்கன்னு எதிர்பாத்து போனா ஏமாந்துதான் வருவீங்க. 2023ல கேபிள் சட்டத்துலேர்ந்து ஜெயில எடுத்துட்டு எச்சரிக்கை, இல்லன்னா அபராதம்னு ஆக்கிட்டாங்க, முதல் தடவ 20,000 ரூபா வரைக்கும், மூணு வருஷத்துக்குள்ள திரும்ப பண்ணா 1 லட்சம் வரைக்கும். அதுல ஒரு ரூபா கூட உங்க கைக்கு வராது.

பொடிக்கு குடுத்த காசு வேணும்னா அது தனி வழி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி பதிவு பண்ணலாம், ஒத்து வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்குனது 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் இல்ல, வக்கீலும் கட்டாயம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். பில்லு இல்லன்னா ஜிபே ஸ்க்ரீன்ஷாட், கூரியர் கவர் எதையும் தூக்கிப் போடாதீங்க. எங்க சித்தி அந்தக் கவர அடுப்பு பத்த வைக்க கிழிச்சுட்டாங்க, டப்பாவ மட்டும் கழுவி கடுகு போட்டு வச்சிருந்தாங்க. லேபிள் பாதி உரிஞ்ச அந்த டப்பாதான் இப்ப எங்க கேஸ்ல முதல் ஆவணம்.